திமிரியா, பாரியா?

தேஹு ரோட்டில் வசிக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், பணி ஓய்வுக்குப்பின் நாகசுரம் பயில விரும்பித் தொடர்வைப்புக் கணக்கில் பணம் சேர்த்தார். தொகை முதிர்ந்த நாளில் அவர் நம்மிடம் கேட்டது: “திமிரி வாங்குவதா, பாரி வாங்குவதா?”

திமிரி குட்டையானது, ஏறத்தாழ 4 கட்டைக்கு மேற்பட்ட சுருதி உடையது. பாரி நீளமானது, 2 அல்லது 2½ கட்டையில் ஒலிப்பது. முன்பு திமிரியே பெருவழக்கு. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கைக்கொண்ட பிறகே பாரியின் கனத்த நாதம் மேடைகளில் நிலைபெற்றது. அவர் புகழை எண்ணிப் பாரியே சிறந்தது என்று நாம் முடிவு செய்துவிடலாகாது. பாரிக்கு மூச்சு மிகுதியாக வேண்டும். துளைகள் அகன்றிருப்பதால் சிறு விரல்களுக்கு எட்டா.

கருவியின் 12 துளைகளில் விரல்களுக்குரியவை 7. எஞ்சியவற்றை மெழுகால் அடைத்தும் சீவாளியை மாற்றியும் சுருதியைச் சிறிதளவே திருத்த இயலும். தவறாகத் தேர்ந்தால் வேறு கருவிதான் வாங்க வேண்டும்.

ஆகவே மூன்றைக் கருதுக: ஆசிரியரும் உடன் வாசிப்போரும் எச்சுருதியினர்? நம் விரல்கள் துளைகளை முழுமையாக மூடுகின்றனவா? அரைமணி நேரம் மூச்சு தாங்குமா?

நம் வாடிக்கையாளர் பணத்தை வைப்பிலேயே விட்டு, இரவல் பாரியில் மூன்று மாதம் பயின்றார். மூச்சு தாங்கவில்லை. பின்னர் நரசிங்கம்பேட்டைக்கே சென்று, ஆச்சா மரத்தில் கடைந்த திமிரி ஒன்றை ஊதிப்பார்த்து வாங்கினார். பொறுத்திருந்த அந்த மூன்று மாதம் அவருடைய சேமிப்பைக் காத்தது.