ஜவளகிரிக் கணினியில் இரண்டாவது உலாவி

தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையையும் காட்டையும் ஒட்டிக் கிடக்கும் ஜவளகிரியில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாயில் மாறி மாறிப் புழங்குவது யாருக்கும் ஆச்சரியமான விஷயமன்று. எல்லைக்கு இப்பால் உள்ள ராகிக் கொல்லைக்குச் சிட்டாவும், அப்பால் மாமனார் வழியில் வந்த நிலத்துக்குக் கர்நாடக நில ஆவணமான பஹணியும் வேண்டி, ஒரே கணினியின் முன் வந்து நின்ற குடியானவர் ஒருவரை அங்கே கண்டேன். பாஷை விஷயத்தில் இத்தனை தாராளமான ஊரில், கணினிக் கடைத் தம்பி மட்டும், “குரோம்லதாங்க சிட்டா வரும், வேற எதுலயும் வராதுங்க” என்று தீர்மானமாகச் சொன்னபோது, அந்த அபிப்பிராயத்தையும் அதற்கு உறவான வேறு சிலவற்றையும் பரிசீலிப்பது அவசியம் என்று பட்டது.

நம்பிக்கை: குரோம் இல்லையேல் இணையம் இல்லை.

உண்மை: வலைப்பக்கங்கள் பொதுவில் வகுக்கப்பட்ட இலக்கணத்தின்படி எழுதப்படுகின்றனவேயன்றி, ஒரு கம்பெனியின் உலாவிக்காக அல்ல. தம்பியின் சம்மதத்தோடு அதே கணினியில் பயர்பாக்ஸை நிறுவி, சர்வே எண்ணையும், அந்தக் குடியானவரின் பட்டன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் கொடுத்தோம், சிட்டா வந்தது. சில தளங்கள் குறிப்பிட்ட உலாவியையே வற்புறுத்துவதும் வாஸ்தவந்தான். ஆகையால் பழையதை நீக்காமல், புதியதை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்வதே விவேகம்.

நம்பிக்கை: பெயர் வேறென்றால் உலாவியும் வேறு.

உண்மை: ஒரே ராகி மாவு களியாகவும் கூழாகவும் அடையாகவும் ஆவதுபோல, எட்ஜ், ஒபெரா, பிரேவ், விவால்டி, நம் ஜோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘உலா’ ஆகிய யாவும், கூகிள் 2008-இல் வெளியிட்ட குரோமியம் என்னும் திறந்த மூல நிரலிலிருந்து பிறந்தவையே. அடித்தளம் திறந்திருப்பதால் மாடியும் திறந்தே இருக்கும் என்று கொள்ளலாகாது. பிரேவின் நிரலை எவரும் படிக்கலாம், எட்ஜின் முழு நிரலைப் படிக்க இயலாது. பயர்பாக்ஸின் ‘கெக்கோ’ இயந்திரமோ வேறு தானியம். எல்லா உலாவிகளும் ஒரே இயந்திரத்தில் ஓடும் நிலை வந்துவிட்டால், வலையின் இலக்கணத்தை வகுக்கும் அதிகாரமும் ஒரே கையில் போய்ச் சேரும் என்பதே இங்கு நாம் கவலைப்பட வேண்டிய விஷயம்.

நம்பிக்கை: எல்லோரும் படிக்கக்கூடிய நிரலைத் திருடனும் படிப்பானாதலால், அதில் அபாயம் அதிகம்.

உண்மை: நல்ல பூட்டின் பலம் சாவியில் இருக்கிறதேயன்றி, பூட்டின் அமைப்பை மறைத்து வைப்பதில் இல்லை. நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவி நிறுவனம் 1998 மார்ச் 31-ஆம் நாள் தன் நிரலைப் பகிரங்கமாக வெளியிட்டதன் பலனாகத்தான், 2004 நவம்பரில் பயர்பாக்ஸின் முதற்பதிப்பு வந்தது. அந்தரங்கத்தைக் காப்பதையே லட்சியமாகக் கொண்ட டோர் உலாவியும் அந்தப் பயர்பாக்ஸின்மேல் எழுந்ததே. ஆயினும், பல தளங்களுக்குக் காவலாயிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற திறந்த மூல நிரலில் 2012-இல் புகுந்த ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை 2014 வரை எவர் கண்ணிலும் படவில்லை. திறந்திருப்பது பரிசோதனைக்கு வாய்ப்பளிக்கிறது. பரிசோதனையைத் தானே செய்துவிடுவதில்லை. எந்த உலாவியானாலும், அவ்வப்போது வரும் புதுப்பித்தலை ஏற்றுக்கொள்வதே மெய்யான காவல்.

நம்பிக்கை: உலாவியை மாற்றினால் அந்தரங்கம் முழுவதும் பத்திரம்.

உண்மை: பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடுபொறி ஒப்பந்தத்தின் வழியாகக் கூகிளிடமிருந்தே வருகிறது, ஆகையால் தேடுபொறியை மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பிரயோகிப்பது நம் பொறுப்பு. தனிப்பட்ட சாளரமும், நாம் பார்த்தவற்றை அந்தக் கணினியில் பதியாமல் விடுகிறதேயன்றி, நாம் சென்ற தளத்தின் கண்ணிலிருந்தும் இணைப்புத் தரும் கம்பெனியின் கண்ணிலிருந்தும் நம்மை மறைப்பதில்லை. எனினும், பலர் வந்துபோகும் கடைக் கணினியில் அந்தச் சாளரத்தைத் திறந்து வேலை செய்து, முடிந்ததும் மூடிவிட்டு எழுவது மிக நல்ல வழக்கம்.

சேமித்து வைத்த முகவரிகள் போய்விடுமோ என்ற அச்சமும் வேண்டாம். அமைப்புகளில் உள்ள ஒரு கட்டளை அவற்றைப் பழைய உலாவியிலிருந்து கொண்டுவந்து சேர்த்துவிடும். பயர்பாக்ஸின் பட்டிகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஒரு வார காலம் பரீட்சித்துப் பாருங்கள். மனத்துக்கு ஒவ்வாவிடில் நீக்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: எந்த உலாவியையும், அதை உண்டாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.