ஐ.டி. வேலையை விட்டு பிஎச்.டி.யா?

கேள்வி: பெங்களூரில் மென்பொருள் வேலை. விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகர், குஜிலியம்பாறை

பதில்: ஆசை நல்ல ஆசை, தாராளமாகப் போங்கள். வீட்டாரின் பயம் பணத்தைப் பற்றியது, அதிலும் நியாயம் இருக்கிறது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இந்தக் கணக்கை அப்பாவிடம் எழுதியே காட்டுங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி. முடிக்கக் குறைந்தது 3 ஆண்டு. வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதிநேரமாகவும் சேரலாம்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர்தான் முக்கியம். அவரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகளை 'சோத்கங்கா' இணையதளத்தில் வாசியுங்கள். அவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று நேரில் விசாரியுங்கள். வங்கிக் கடன் இருந்தால் அதை அடைத்த பிறகே ராஜினாமா கொடுங்கள்.