தனிகெயும் விசாரணையும்

கேள்வி: கன்னட நாளிதழ்களில் போலீஸ் 'தனிகெ' என்று வருகிறதே, அது நம் தணிக்கைதானா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஓசை நெருக்கம், வேலை வேறு. தமிழில் கணக்கையும் சினிமாவையும் தணிக்கை செய்கிறோம். கன்னடத்தில் 'தனிகெ' என்றால் குற்றத்தைத் துப்புத் துலக்குவது. நம் சட்டத்தமிழில் புலனாய்வு. போலீஸ் கேள்வி கேட்பதும் கோர்ட்டில் வழக்கு நடப்பதும் அங்கே 'விசாரணெ', இங்கே விசாரணை.

எனக்குப் பிரியமானது இந்தச் சொல்தான். வெற்றிமாறன் 2015இல் 'விசாரணை' என்று படத்துக்குப் பெயர் வைத்தபோது அதில் லாக்கப்பின் பயம் இருந்தது. அதே சொல், "அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்னும்போது முழுக்க அன்பு. ரமணர் 'நான் யார்?' என்று தேடச் சொன்ன வழிக்கும் ஆத்ம விசாரணை என்றுதான் பெயர். உடம்பு சரியில்லாதவரை விசாரிக்காமல் விட்டால் உறவே முறிந்துபோகிற வீடுகள் நம்மிடம் எத்தனை!