மூடப்படாத கிணறுகள்

நுழையும்முன்

இணையம் அறிவின் வாயிலாகவும் நட்பின் களமாகவும் விளங்குகிறது. அதே வாயிலின் வழியே தீய நோக்குடையோரும் குழந்தைகளை நெருங்குகின்றனர். அவர்களிடமிருந்து குழந்தைகளைக் காக்கும் கடமை யாருடையது? குழந்தைகளுடையதா, பெற்றோருடையதா, சமூக ஊடகங்களை நடத்தும் நிறுவனங்களுடையதா? இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

தோண்டியவரின் கடமை

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தது என்னும் துயரச் செய்தியைத் தமிழ்நாடு பலமுறை கேட்டிருக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய இறப்புகள் தொடர்ந்ததால், 2010ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் சில நெறிமுறைகளை வகுத்தது. கிணறு தோண்டும் இடத்தைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குழாயின் வாயை மூட வேண்டும். கைவிட்ட கிணற்றை நிரப்ப வேண்டும் என்பன அவற்றுள் சில. குழந்தை பார்த்து நடந்திருக்க வேண்டும் என்று அந்நெறிமுறைகள் கூறவில்லை. ஆபத்துக்கு இடமளிப்பவரே அதற்குக் காப்பும் அமைக்க வேண்டும் என்பதே அவற்றின் உட்பொருள். சமூக ஊடகங்களையும் இந்த அளவுகோல் கொண்டே அளக்க வேண்டும்.

அயலார் நெருங்கும் வழி

இணையத்தில் குழந்தையை வசப்படுத்த முயல்பவர் பெரும்பாலும் அச்சமூட்டும் தோற்றத்தில் வருவதில்லை. ஒத்த வயதினராகத் தம்மைக் காட்டிக்கொள்கிறார், விளையாட்டு, பாட்டு, படிப்பு எனப் பேசத் தொடங்குகிறார், பாராட்டுகிறார், மனக்குறைகளைப் பொறுமையுடன் கேட்கிறார். பிறகு, ‘இது நம் இருவருக்குள் இருக்கட்டும்’ என்கிறார். பொதுவெளியிலிருந்து தனி உரையாடலுக்கு அழைக்கிறார், ஒளிப்படம் கேட்கிறார். படம் கைக்கு வந்தபின் நட்பு மறைந்து மிரட்டல் தொடங்குகிறது.

இப்படிகள் ஒவ்வொன்றையும் செயலியின் அமைப்பு எளிதாக்கவோ தடுக்கவோ இயலும். முன்பின் அறியாதவர் செய்தி அனுப்ப முடியுமா, நண்பர் பட்டியலை எவரும் காண முடியுமா, முன்பின் அறியாத பெரியவரைச் சிறுவருக்கு நண்பராகச் செயலி பரிந்துரைக்குமா என்பவற்றையெல்லாம் முடிவு செய்வது நிறுவனமே.

அஞ்சல்காரர் வாதம்

‘நாங்கள் செய்திகளைக் கொண்டுசேர்க்கும் அஞ்சல்காரர் போன்றவர்கள், மடலில் உள்ளதற்கு நாங்கள் பொறுப்பல்லர்’ என்னும் போக்கில் நிறுவனங்களின் தரப்பில் வாதிடப்படுவதுண்டு. இதில் ஓரளவு உண்மை உள்ளது. பிறர் பதிவிடும் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுவனத்தைத் தண்டித்தால் இணையத்தில் கருத்துரிமையே நலியும். ஆதலால்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 79ஆம் பிரிவு இத்தகைய நிறுவனங்களுக்கு நிபந்தனையுடன் கூடிய பாதுகாப்பை வழங்குகிறது.

ஆனால், அஞ்சல்காரர் அயலாரை வீட்டுக்கு அழைத்துவந்து குழந்தைக்கு அறிமுகம் செய்வதில்லை. சமூக ஊடகமோ யாரை யாருக்குக் காட்டுவது, எதை முன்னிறுத்துவது என்று தானே தேர்ந்தெடுக்கிறது. பயனர் செலவிடும் நேரத்தை விளம்பர வருவாயாகவும் மாற்றுகிறது. தேர்வு செய்யும் ஆற்றல் உள்ள இடத்தில் பொறுப்பும் இருந்தாக வேண்டும்.

சட்டத்தின் குரல்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 (போக்சோ) பதினெட்டு வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. பாலியல் நோக்குடன் மின்னணு வழியில் குழந்தையை மீண்டும் மீண்டும் தொடர்வதும் தொடர்புகொள்வதும் இச்சட்டப்படி குற்றமாகும்.

சென்னையில் பதிவான வழக்கு ஒன்று இத்துறையில் திருப்புமுனையாயிற்று. குழந்தைகளைப் பாலியல் வகையில் சித்திரிக்கும் படங்களைத் தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது எனக் கூறி, 2024 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வழக்கை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கியது. இத்தகைய படம் ஒவ்வொன்றும் ஒரு குழந்தை சுரண்டப்பட்டதன் பதிவு என்பதை உணர்த்தும் சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்த வேண்டும் என்றது. அவற்றை நீக்கினால் மட்டும் போதாது. காவல்துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். தவறும் நிறுவனம் 79ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கோர இயலாது என்றும் தெளிவுபடுத்தியது.

இயலாததன்று

காக்கும் வழிகள் கைக்கெட்டாதவை அல்ல. ஒரு படத்துக்குரிய எண்வழிக் கைரேகையைக் கொண்டு, அப்படம் மீண்டும் எங்குப் பதிவேற்றப்பட்டாலும் கண்டறியும் ‘போட்டோ டிஎன்ஏ’ என்னும் தொழில்நுட்பம் 2009இலேயே உருவாக்கப்பட்டது. 2010இல் தொடங்கப்பட்ட இன்ஸ்டாகிராம், பதின்பருவத்தினரின் கணக்குகள் தாமாகவே தனிக்கணக்குகளாக அமையும் என்றும், தொடர்பில் இல்லாதோர் அவர்களுக்குச் செய்தி அனுப்ப இயலாது என்றும் 2024 செப்டம்பரில் அறிவித்தது. அவ்வாண்டு சனவரியில் அமெரிக்க மேலவைக் குழுவின் விசாரணையில், பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோரை நோக்கி அதன் தாய் நிறுவனத் தலைவர் எழுந்து நின்று வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. வருத்தம் தெரிவிப்பதினும் வருமுன் காப்பதே கடமை.

குழந்தைகளைக் காக்கும் பெயரில் எல்லாருடைய உரையாடல்களையும் கண்காணிக்கலாமா என்னும் வினாவும் எழுகிறது. இது புறக்கணிக்கத்தக்கதன்று; அந்தரங்கம் குழந்தைகளுக்கும் உரியது. எனினும், அயலாரின் செய்திகளைத் தொடக்கத்திலேயே தடுப்பதற்கும், புகார்களுக்கு விரைந்து செவிசாய்ப்பதற்கும் எவருடைய மடலையும் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. இந்த எளிய வேலியையேனும் எல்லா நிறுவனங்களும் அமைக்க வேண்டும்.

நம் பங்கு

நிறுவனத்துக்குக் கடமை உண்டு என்பதால் நம் விழிப்புணர்வு தேவையற்றதாகிவிடாது. வீட்டாரிடம் மறைக்கச் சொல்லும் நட்பை ஐயுற வேண்டும். மிரட்டல் வந்தால் பணமோ வேறு படமோ அனுப்பக் கூடாது. உரையாடலை அழிக்காமல் சான்றாக வைத்துக்கொண்டு, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் உடனே கூற வேண்டும். பாதிக்கப்பட்ட தோழரிடம் ‘நீ ஏன் அனுப்பினாய்?’ என்று கேட்பதைவிட, ‘நான் உடன் வருகிறேன்’ என்று கூறுவதே உதவியாகும். ஏமாற்றப்பட்ட குழந்தை குற்றவாளி அன்று, ஏமாற்றியவரே குற்றவாளி. குற்றம் தன்னுடையது என்று அஞ்சும் குழந்தை வாய்திறப்பதில்லை. அந்த மௌனமே மிரட்டுபவரின் வலிமை.

தெரிந்து தெளிவோம்

• 1098 – குழந்தைகளுக்கான உதவி எண்.
• 1930 – இணையக் குற்றங்களுக்கான உதவி எண்.
• தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில், குழந்தைகளைப் பாலியல் வகையில் சித்திரிக்கும் பதிவுகள் குறித்துப் பெயர் வெளியிடாமலும் புகார் அளிக்கலாம்.
• பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடுக்கிறது.

சிந்தனை வினாக்கள்

1. சமூக ஊடக நிறுவனங்களை அஞ்சல்காரருடன் ஒப்பிடுவது எவ்வளவு பொருந்தும்? ஆராய்க.
2. அந்தரங்க உரிமையும் குழந்தைகள் பாதுகாப்பும் முரண்படாமல் நிலவ வழிகள் கூறுக.
3. நீவிர் ஒரு செயலியை வடிவமைப்பதாயின், சிறுவர் நலன் கருதி அதில் அமைக்கும் மூன்று ஏற்பாடுகளைக் காரணத்துடன் எழுதுக.