மாரிக்கு முன் ஒரு சிலிக்கன் கன்

திருகோணமலையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வாடைக்காற்று அந்த மழையை நேரே விழவிடாது, சுவரில் சாய்த்து அடிக்கும். அலுமினிய யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நூலளவு இடுக்கு இருந்தாலே உட்சுவர் ஊறிவிடும். ஆகவே அந்த இடுக்கை அடைக்கச் சிலிக்கன் கன் வாங்குவதென்றால் சுவர் காய்ந்து கிடக்கும்போதே, செப்டெம்பருக்குள் வாங்கி வேலையை முடியுங்கள்.

கன்னுக்கு முன், அதில் போடும் ரியூபைத் தீர்மானிக்க வேண்டும். பூசும்போது வினாகிரி வாசனை அடிக்கிற சிலிக்கன் கண்ணாடிக்கும் குளியலறை ரைல்ஸுக்கும் நல்லது. சீமெந்தில் அது சரியாகப் பிடிக்காது, இரும்பை அரிக்கும். யன்னல் சட்டத்தைச் சுவரோடு அடைக்க 'நியூட்ரல்' என்று அச்சிட்ட ரியூபைக் கேளுங்கள். மேலே பெயின்ற் அடிப்பதென்றால் அக்ரிலிக். சிலிக்கனில் பெயின்ற் ஒட்டாது. கொங்கிறீற் வெடிப்புக்குப் பொலியூரித்தேன். இது தடித்தது, கையை உழைக்க வைக்கும்.

இந்தத் தடிப்பை வைத்துத்தான் கன்னைத் தேர வேண்டும். பெட்டியில் 12:1, 18:1 என்று போட்டிருப்பது கையின் அழுத்தம் எத்தனை மடங்காக ரியூபைத் தள்ளும் தண்டுக்குப் போகிறது என்ற கணக்கு. சிலிக்கனுக்கும் அக்ரிலிக்குக்கும் 12:1 தாராளம். பொலியூரித்தேனை அதில் தள்ளினால் மணிக்கட்டு நோகும், 18:1 எடுங்கள். எண் ஏற ஏற, ஒரு அழுத்தலுக்குத் தண்டு நகரும் தூரம் குறையும். எனவே பெரியது எதற்கும் நல்லது என்று 26:1 ஐத் தூக்கிவந்தால் மெல்லிய அக்ரிலிக்கை வெளியே எடுக்கவே நேரம் போய்விடும்.

கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பல்லு வெட்டிய தண்டு வைத்த கன். கையை எடுத்தாலும் உள்ளே அழுத்தம் நிற்கும். தண்டைத் திருப்பிவிடும் வரை சிலிக்கன் வழிந்துகொண்டே இருக்கும். வழுவழுப்பான தண்டு என்றால் பின்னாலுள்ள தகட்டைப் பெருவிரலால் அமத்தியதும் அழுத்தம் விடும். சில ரகங்களில் தண்டு தானாகவே சற்றுப் பின்வாங்கும். விலை கூடத்தான், ஆனால் என் தெரிவு அதுதான். மாபிளில் வழிந்து காய்ந்த சிலிக்கனை பிளேட்டால் சுரண்டியவருக்கு விளக்கம் தேவையில்லை.

600 மில்லிலீற்றர் பொதி போடும் நீளக் குழாய்க் கன்னும் பற்றரிக் கன்னும் கொந்தராத்துக்காரருக்கு. வீட்டுக்கு 300 மில்லிலீற்றர் ரியூப் போடுவது போதும்.

வாங்குமுன் தண்டின் முனைத் தகட்டை உள்ளங்கையால் எதிர்த்துப் பிடித்து விசையை அழுத்திப் பாருங்கள். தண்டு வழுக்கினாலோ சட்டம் வளைந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரியூபில் காலாவதித் திகதியையும் பாருங்கள்; வெயில்படும் தட்டில் அடுக்கியிருந்தால் உள்ளேயிருந்து ஒன்று கேளுங்கள்.

கதவுப் பிணைச்சலே துருவேறும் உப்புக்காற்று இது. வேலை முடிந்ததும் ரியூபைக் கழற்றி, முனையில் நீள ஆணி ஒன்றைச் செருகி வையுங்கள். கன்னின் மூட்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். வழுவழுப்புத் தண்டில் மட்டும் பூசாதீர்கள், பிடிதகடு வழுக்கும். துணியால் துடைத்து, பிளாஸ்ரிக் பையில் கட்டி, வீட்டுக்குள் வையுங்கள். கிணற்றடிக் கொட்டில் வேண்டாம்.