கம்ப்யூட்டர் ஏன் கத்துகிறது?

எங்கள் லேபில் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. போன வாரம் ஆன் செய்தால் ஸ்க்ரீனில் ஒன்றும் வரவில்லை. "பீ...ப், பீ...ப்" என்று நீளமாக விட்டுவிட்டுக் கத்தியது. செய்முறைத் தேர்வுக்கு நாலே நாள். இந்த மெஷின் போனால் எங்கள் குரூப் மூன்று பேரும் எங்கே உட்காருவது? சத்தம் கேட்டதும் நான் பயந்துபோய் ஆஃப் பண்ணிவிடுவேன். இப்படி நாலைந்து தடவை. கம்ப்யூட்டர் சார் வந்து, "ஏன்டா அது வாயை மூடுறே? என்ன சொல்லுதுன்னு முதல்ல கேளு" என்றார்.

ஆன் செய்தவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே, மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற புரோகிராம் ஒரு சோதனை நடத்துகிறது. அதற்குப் பெயர் போஸ்ட். கிளாஸில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரிதான். ராம் இருக்கா, டிஸ்ப்ளே கார்டு இருக்கா என்று பார்க்கும். "இல்லைன்னா ஸ்க்ரீனில் எழுதிக் காட்டலாமே சார்?" என்று கேட்டேன். அவை இரண்டும் வேலை செய்தால்தானே ஸ்க்ரீனில் எழுத்தே வரும்! அதனால்தான் கேபினெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் சத்தம் போடுகிறது.

எல்லா பயாஸுக்கும் ஒரே பாஷை இல்லை. அவார்டு பயாஸில் நீள பீப் திரும்பத் திரும்ப வந்தால் ராம் கோளாறு. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே. ஏ.எம்.ஐ. பயாஸில் மூன்று பீப் ராம், எட்டு பீப் டிஸ்ப்ளே. ஆகவே எந்த பயாஸ் என்று தெரியாமல் எண்ணிப் பிரயோஜனமில்லை. (புது மதர்போர்டுகள் பலவற்றில் சத்தத்துக்குப் பதில் குட்டி விளக்கு எரியும்.)

எங்களுடையது அவார்டு. அப்படியென்றால் ராம்! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையில் உள்ள ஸ்டாட்டிக் போவதற்காக கேபினெட் இரும்பைத் தொட்டார் சார். பிறகு இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கி ராமை எடுத்தார். தங்க நிறப் பட்டைகளில் ஒரே அழுக்கு. என் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, கிளிப் "டக்" என்று விழும்வரை அழுத்தினோம். ஆன் செய்தால்... ஒரே ஒரு குட்டை பீப்! எல்லாம் சரி என்று அர்த்தம். விண்டோஸ் வந்தேவிட்டது.

மூன்றாம் நம்பர் மெஷினில் சத்தமும் இல்லை, ஃபேனும் சுற்றவில்லை. பவர் சப்ளையாக இருக்கும் என்கிறார் சார். சனிக்கிழமை பார்க்கப் போகிறோம்.