உலர்த்தலில் வெப்பமும் காற்றோட்டமும்

மழை நாட்களில் அறையினுள் கொடியில் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கிறது. அதனையே மின்விசிறியின் கீழ் விரித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. மின்விசிறி துணியைச் சூடாக்குவதில்லை; எனினும் துணி உலர்கிறது. சூடாக்குவதே உலர்த்துதல் என்னும் பொதுவான எண்ணம் முழு உண்மையன்று என்பதை இச்சிறு நிகழ்ச்சி உணர்த்துகிறது. பாடுபட்டு விளைவித்த தானியத்தைக் காக்க வேண்டிய உழவருக்கு இவ்வுண்மை பெரிதும் பயன்படக்கூடியது.

இருவகைப் பணிகள்

ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. இதனை அளிப்பது வெப்பத்தின் முதற்பணி. காற்று நீராவியை ஏற்கும் அளவைப் பெருக்குவது இரண்டாவது பணி. 30 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியையே கொள்ளும். 40 டிகிரியில் இது சுமார் 51 கிராமாக உயர்கிறது. ஆகவே ஈரக் காற்றும் சூடாக்கப்பட்டால் மேலும் நீரை ஏற்கும் திறன் பெறுகிறது.

ஆயினும், ஈரப் பொருளை ஒட்டி நிற்கும் காற்று விரைவில் நீராவியால் நிறைந்துவிடுகிறது. அது அங்கேயே தேங்கினால் ஆவியாதல் தளர்கிறது. அக்காற்றை அகற்றி, வறண்ட காற்றைக் கொணர்வதே காற்றோட்டத்தின் பணியாகும்.

நெற்களத்தில்

நெல் பெரும்பாலும் 20 சதவீதமோ அதற்கு மேலோ ஈரப்பதம் உள்ளபோது அறுவடை செய்யப்படுகிறது. சேமிப்புக்கு இது 14 சதவீதத்துக்குக் குறைய வேண்டும். 20 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு டன் நெல்லை இந்நிலைக்குக் கொணர ஏறத்தாழ 70 கிலோகிராம் நீர் வெளியேற வேண்டும். அரசுக் கொள்முதலுக்கான பொதுவான வரையறை 17 சதவீதமாகும். அதற்கு மிகுந்த ஈரத்துடன் நெல்லைக் கொண்டுவரும் உழவர் கொள்முதல் நிலையத்திலேயே காத்துக் கிடக்க நேரிடுகிறது.

அவ்வாறு குவித்து வைக்கப்பட்ட ஈர நெல்லில் தானியமும் பூஞ்சைகளும் சுவாசிப்பதால் குவியலின் உட்பகுதி தானே சூடேறுகிறது. அங்கு வெப்பம் உண்டு. ஆனால் காற்றோட்டம் இல்லை. ஆதலின் நெல் உலராமல் நிறம் மாறி, முளைப்புத்திறன் இழந்து கெடுகிறது.

மிகையான வெப்பமும் தீமையே. மேற்புறம் விரைந்து காய்ந்து, உள்ளே ஈரம் தங்கினால் அரிசியில் வெடிப்பு தோன்றுகிறது. அரைவையில் குருணை மிகுந்து விலை குறைகிறது. விதை நெல்லின் வெப்பநிலை 43 டிகிரியைத் தாண்டலாகாது. நெல்லை இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்புதல், அரை மணிக்கு ஒருமுறை கிளறுதல், இரவில் பனி படாமல் மூடுதல் ஆகிய எளிய முறைகள் இவ்விழப்பைப் பெரிதும் குறைக்கும். காய்ந்த நெல் மீண்டும் நனைந்தாலும் வெடிப்பு ஏற்படும் என்பதை மறத்தலாகாது.

நிழலில் உலரும் திராட்சை

வெயில் நேரே படாமலும் உலர்த்த இயலும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டம் சான்றாகும். அங்குத் திராட்சைக் குலைகளைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட்டும் கலந்த கரைசலில் நனைக்கின்றனர். இதனால் தோலின் மெழுகுப் படலம் நீரைத் தடுக்கும் தன்மை குறைகிறது. பின்னர், மேலே கூரையும் பக்கங்களில் திறப்பும் உள்ள பந்தல்களில் அடுக்கடுக்கான வலைத் தட்டுகளில் பரப்புகின்றனர். கோடையின் வறண்ட காற்று ஊடே புகுந்து செல்ல, ஏறத்தாழ இரு வாரங்களில் உலர்திராட்சை கிடைக்கிறது. நிழலில் உலர்வதால் அதன் பசுமை கலந்த நிறமும் காக்கப்படுகிறது.

சிற்றூர்தோறும் உலர்களமும் ஈரமானியும் கிடைக்கச் செய்வது அவசியம். அவற்றுடன், காற்று புகும் வகையில் பொருளைப் பரப்பும் வழக்கமும் வேரூன்றினால், அறுவடைக்குப் பின் நேரும் இழப்பின் ஒரு பகுதியை உழவர் தம் களத்திலேயே தவிர்த்துக்கொள்ளலாம்.